என் முகத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய்

நான் நல்ல கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று கல்யாணத் தரகர்கள் சொல்லும் சமாளிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் சித்தி மூக்கைச் சுளித்தாள். எனக்கு மாமியாராக வரப்போகிறவள் வெற்றிலையை மடித்தபடியே, "கறுப்பா கீறா, அதுக்கு இன்னா இப்போ? நான் மட்டும் இன்னா சேப்பா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த வீட்டில் இத்தனை வருஷம் குடித்தனம் செய்துவிட்டேன்.

அதனால் நான் வார்டு கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது, தெருமுனையில் முதல் பேனரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைப் புடவையில், பால்கோவா நிறத்தில் ஒருத்தி கைகூப்பிக்கொண்டிருந்தாள். புடவை என்னுடையது. மூக்குத்தி என்னுடையது. கீழே கொட்டை எழுத்தில் இருந்த பெயரும் என்னுடையது. ஆள் மட்டும் வேறு. கூட வந்த என் மாமியார், எனக்கு அத்தை, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யார்மே இந்த வெள்ளக்காரி? உனக்கு எதிரா நிக்கறாளா?"

பேனர் அடித்த கடைக்கு நேராகப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பவேயில்லை. "லேடீஸ் போட்டோன்னா கொஞ்சம் பிரைட் ஏத்திதான்க்கா குடுப்போம். எல்லாருக்கும் அப்டிதான். இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல."

"நான் பண்றேன் இல்ல? மாத்துங்க."

"அண்ணன் ஓகே சொல்லி எல்லாம் அடிச்சு முடிச்சாச்சுக்கா."

அண்ணன் ஓகே சொல்லிவிட்டால் அப்புறம் எங்கள் வார்டில் மேல்முறையீடு கிடையாது. அண்ணன் என்றால் எங்கள் தெருவின் தலைமாட்டில் இருக்கும் பெரிய வீட்டுக்காரர். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் முழுக்க இப்போது வாடகை வீடுகள். ஜல்லி, மணல் வியாபாரமும் உண்டு. இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர். மூன்றாவது முறை நிற்கலாம் என்று இருந்தபோது எங்கள் வார்டைப் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தான் நிற்க முடியாது, தன் மனைவியும் நிற்க முடியாது என்றதும், தன் சொல்லைக் கேட்டு நடக்கும் ஒரு பெண்ணை எங்கள் காலனிப் பக்கம் தேடினார். மகளிர் குழுவில் தலைவியாக இருந்த நான் கண்ணில் பட்டேன்.

"நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா. நில்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த 'மத்ததெல்லாம்' என்ன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். ஒரு சட்டையை விரித்தால் அதன் அழகு என் கண்ணில் படாது. தையல் எங்கே தாவியிருக்கிறது, பட்டன் எங்கே தளர்ந்திருக்கிறது, அதுதான் படும். மனுஷர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டது. அண்ணனின் நோக்கம் தெரிந்தேதான் தலையாட்டினேன். காரணம் தண்ணீர்.

வார்டு எண்ணைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில், அடையாற்றின் ஓரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் பெய்கிற மழை ஒரு கால்வாய் வழியாக இறங்கி, பெரிய வீட்டை ஒட்டி ஓடி, ஆற்றில் சேர வேண்டும். அண்ணன் தன் வீட்டை ஒட்டிய பகுதியில் அந்தக் கால்வாயை ஒரு குழாய்க்குள் அடக்கி, மேலே சிமெண்ட் தளம் போட்டு, இரண்டு கார் நிற்கும்படி ஷெட் கட்டிவிட்டார். அவர் கவுன்சிலராக இருந்த காலம், யார் கேட்பது? மழை வலுத்தால் அந்தக் குழாய்க்குத் தாங்காது. மிச்சத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் திரும்பும். தெருவின் கடைசியில், பள்ளத்தில் இருக்கிறது எங்கள் வீடு.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் அத்தையைப் போர்வையில் உட்காரவைத்து, நாலு முனையையும் நாலு பேர் பிடித்துத் தூக்கிப் போனோம். எங்கே? அண்ணன் வீட்டு மொட்டை மாடிக்குத்தான். அதை மறுக்க மாட்டேன், அவர்தான் கேட்டைத் திறந்துவிட்டார். தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார், சாம்பார் சாதம் கொடுத்தார். ஆனால் அவர் மனைவி படியேறி வந்து, "கீழ பாத்ரூம் மட்டும் யூஸ் பண்ணாதீங்கம்மா, தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்ததே அந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி மேல்தான். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள். ஆண்கள் எப்படியோ சமாளித்தார்கள். அத்தை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். குடித்தால்தானே போகவேண்டும்? மூன்றாம் நாள் இறங்கியபோது உதடு வெடித்து, காய்ச்சல் கண்டு, நீர் பிரியாமல் துடித்து, அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இது: "இனிமே எவன் வூட்டு மாடிக்கும் நான் ஏற மாட்டேன். தண்ணி வந்தா கட்டிலோட போறேன், வுட்டுடு."

சும்மா சொல்லவில்லை. அதற்குப் பிறகு வானம் இருட்டினாலே அத்தை தண்ணீர் குடிக்க மாட்டாள். சோறு தின்பாள், வெற்றிலை போடுவாள், ஊர் வம்பெல்லாம் பேசுவாள். சொம்பை நீட்டினால் மட்டும், "வோணாம்மே, மழை வர்ற மாதிரி கீது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவது எங்கள் வீட்டுப் பண்டிகை ஆகிவிட்டது. "இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி தாங்காதும்மா" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் கால்வாயைத் திறக்க வேண்டும், அடுத்த மழைக்குள் திறக்க வேண்டும். நான் தேர்தலில் நின்றதற்கு வேறு பெரிய கொள்கை எதுவும் கிடையாது.

ஓட்டுக் கேட்கப் போனது ஒரு கூத்து. கதவைத் திறப்பார்கள், கையில் இருக்கும் நோட்டீஸைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "கேண்டிடேட் வரலியா?" என்பார்கள். "நான்தாங்க கேண்டிடேட்" என்றால் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு வீட்டில், "நீங்க அவங்களுக்கு அக்காவா?" என்றே கேட்டுவிட்டார்கள். எரிச்சலில் மீதி நோட்டீஸையெல்லாம் கூட வந்தவர்களிடமே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு போனேன். "இந்த மூஞ்சியைப் பாத்து வெச்சுக்கோங்க. இதுதான் உங்க தெருவுக்கு வரும். நோட்டீஸ்ல இருக்கறது வராது" என்றேன். சிரித்தார்கள், ஓட்டும் போட்டார்கள். ஜெயித்துவிட்டேன்.

பதவியேற்பு நாளில் இன்னொரு வேடிக்கை. சுற்றுப்பட்டு வார்டுகளில் ஜெயித்த பெண்கள் எல்லோருடைய பேனரையும் நான் பஸ்ஸில் போகும்போது பார்த்திருந்தேன். அத்தனை பேரும் பால்கோவா. அரங்கத்துக்குள் போய் உட்கார்ந்தால் ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை. என்னைப்போலவே கறுத்து, வெயிலில் அலைந்து, எண்ணெய் வழிகிற முகங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மீன் விற்கிற குடும்பம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன்னையும் சுண்ணாம்பு அடிச்சுட்டாங்களா?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

ஜெயித்த மறுநாளே என் லெட்டர்பேடும் முத்திரையும் அண்ணன் வீட்டு மேஜை டிராயருக்குள் போய்விட்டன. "இங்கியே பத்திரமா இருக்கட்டும்மா. நான் டைப் பண்ணி வெக்கறேன், நீ வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ." அந்த வீட்டில் எனக்கு பிரிண்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். காபி பேப்பர் கப்பில் வரும். அவர்கள் வீட்டு ஆட்களுக்கு டபரா. நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். செக்கிங் டேபிள்காரி அதையா கவனிக்க மாட்டாள்? வாயை மட்டும் மூடிக்கொண்டேன். அண்ணன் ஓய்வூதிய மனு, தெருவிளக்கு மனு என்று நியாயமான காகிதங்களும் போட்டார், கையெழுத்துப் போட்டேன். கால்வாயைப் பற்றி எப்போது எடுத்தாலும், "பாக்கலாம்மா, இப்போ ஃபண்டு இல்ல" என்று முடித்துவிடுவார்.

மழைக்கு முந்தைய மண்டலக் கூட்டம் வந்தது. பெண் கவுன்சிலர்கள் நாற்காலியில். அவர்களுடைய கணவர்கள் சுவரோரமாக வரிசையாக. என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டப் போயிருந்தார். எனக்கான சுவரில் அண்ணன் நின்றிருந்தார்.

உதவிப் பொறியாளர், ஏ.இ. சார் என்போம், தூர்வாரப்போகும் கால்வாய்களைத் திரையில் காட்டினார். எங்கள் வார்டு வந்தது. நீலக்கோடு மேட்டிலிருந்து இறங்கி, பெரிய வீட்டுக்கு முன்னால் நின்றது. ஒரு விரல் அகலம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்து ஆற்றுக்குப் போனது. எனக்குக் கை தானாக உயர்ந்துவிட்டது.

"சார், அந்த எடத்துல தையல் வுட்டுப்போச்சு."

ஏ.இ. சார் விழித்தார். "என்ன மேடம்?"

"கோடு இங்க நிக்குது. அப்புறம் அங்க ஆரம்பிக்குது. நடுவுல தண்ணி பறந்தா போகும்?"

மீன்கார அக்கா கையைத் தட்டிவிட்டாள். ஏ.இ. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது தனியார் இடம் மாதிரித் தெரிகிறது என்றார்.

"கால்வாய்க்கு யார் பேர்ல சார் பட்டா இருக்கு?"

அவர் நல்ல மனுஷன். உண்மையிலேயே தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். "எழுத்துல குடுங்க மேடம். கவுன்சிலர் லெட்டர் வந்தா சர்வே போட்டு அளந்துடலாம்" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அண்ணனின் பார்வை முதுகில் சுட்டது.

எழுத்தில் கொடுக்க லெட்டர்பேட் வேண்டும், அது டிராயரில். போய்க் கேட்டுக்கொண்டு நிற்க என் கால் ஒப்பவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் இறங்கி, முத்திரை செய்கிற கடையில் புதிதாக ஒன்று செய்யக் கொடுத்தேன். பக்கத்து அச்சகத்தில் புதிய லெட்டர்பேட். படம் போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், பேர் போதும் என்றேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்றே வரி எழுதி, முத்திரையை மையில் அழுத்திக் குத்தினேன். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். ஷெட் நிற்கிற இடம் கால்வாய்ப் புறம்போக்கு என்று எழுதிக் கொடுத்தார். ஷெட்டை எடுக்கச் சொல்லி அண்ணனுக்கு நோட்டீஸ் போனது, அதற்கான கெடுவும் முடிந்தது. தளத்தை உடைத்துக் கால்வாயைத் திறக்க உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார்.

போனேன். ஸ்டூல் தயாராக இருந்தது. நான் அதைத் தாண்டிப் போய் சோபாவில் உட்கார்ந்தேன். அண்ணன் காலி ஸ்டூலைப் பார்த்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அன்றைக்கு டபராவில்.

"ஏம்மா, வெள்ளத்துல நீங்க எல்லாரும் எங்க இருந்தீங்க? என் மாடியிலதானே?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணா. மறக்கல. மறுபடி வரக்கூடாதுன்னுதான் இதைப் பண்றேன்."

"இந்த மழை போகட்டும், தையில பாத்துக்கலாம்னு ஒரு லெட்டர் குடு. அவ்ளோதான் கேக்கறேன்."

"எங்க அத்த இந்த மழையைத் தாங்காதுண்ணா. தையில கால்வா தொறந்து நான் யாரைக் காப்பாத்தறது?"

அவர் முகம் மாறியது. "நான் போட்ட பேனர்ல ஜெயிச்சவ நீ. மறந்துடாத."

"அந்தப் பேனர்ல இருந்தது நானே இல்லண்ணா" என்றேன். காபி நன்றாக இருந்தது. முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வேலை நடக்க வேண்டிய நாள். காலை எட்டு மணிக்கே மேகம் இறங்கி நின்றது. நான் போனபோது ஜேசிபி வந்து நின்றிருந்தது, ஆனால் இரைச்சல் இல்லை. ஓட்டுநரும் இரண்டு ஆட்களும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். ஏன் என்று பார்த்தால், ஷெட்டுக்கு முன்னால், கால்வாயின் வாயை முழுக்க மறைத்து, சவுக்குக் கட்டையில் ஒரு புத்தம்புதிய பேனர். 'மக்கள் பணியில் எங்கள் கவுன்சிலர்' என்று எழுதி, தலைக்கு மேல் உயரத்தில், அதே பால்கோவாக்காரி கைகூப்பிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழுக் கால்வாயை என் மூஞ்சியில் மறைத்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்சிக் கவுன்சிலரின் பேனரை எந்தக் கூலியாள் தொடுவான்? அண்ணனின் மூளையே மூளை, அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"ஏன்பா வேலையை ஆரம்பிக்கல?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"எப்டிக்கா? கவுன்சிலர் மேடம் பேனர் கீது. கை வெச்சா பேஜாராயிடும். நாளைக்கு எனுக்கு வண்டி ஓடாது."

"கழட்டுப்பா. நான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? மேடம் வரட்டும்."

"நான்தான்யா மேடம்!"

அவர் பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகவே சொன்னார்: "எக்கா, காலையிலயே கலாய்க்காத. நீ வேணா மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் குடேன்."

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்துவிட்டது. போன் போட்டால் என் பையில்தான் மணி அடிக்கும். மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதே நேரம் வீட்டில் அத்தை சொம்பைத் தள்ளிவைத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். கைப்பைக்குள் கையை விட்டேன். கம்பெனியை விட்டு வந்தும் விடாத ஒரு பழக்கம் எனக்கு உண்டு. நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எப்போதும் பையில் வைத்திருப்பேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டையில் கால் வைத்து ஏறி, கயிற்றை வெட்டினேன். கயிறு தடிமன், கத்தரி சின்னது, அறுக்க அறுக்கக் கை வலித்தது. "ஐயோ, எக்கா, எக்கா!" என்று கீழே கத்தினார்கள். நாலாவது முடிச்சு அறுந்ததும் நான் என் கால்மாட்டிலேயே தொபுக்கென்று விழுந்தேன். வெள்ளை நானைச் சொல்கிறேன்.

பின்னால் கால்வாயின் வாய் தெரிந்தது. குழாய், அதன் வாயில் அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குப்பை, மேலே ஒரு சாண் கனத்தில் சிமெண்ட் தளம்.

அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அதே நேரம் ஏ.இ. சாரின் வண்டியும் வந்து நின்றது. அவர் இறங்கியதும் முதல் வேலையாக என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கம் கவுன்சிலர் மேடம், லேட்டாயிடுச்சு" என்றார். ஜேசிபி ஓட்டுநரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே தாவலில் வண்டியில் ஏறி இன்ஜினை முடுக்கிவிட்டார்.

அண்ணன் சத்தம் போடவில்லை, அது அவர் பழக்கமும் இல்லை. ஏற்கெனவே கார் இரண்டையும் வேறு இடத்தில் நிறுத்தியிருந்தார். நம்பாத மாதிரி நடித்தாலும், உள்ளூர நான் விடமாட்டேன் என்று நினைத்திருக்கிறார் போல. முதல் அடி தளத்தில் விழுந்ததும் என் பக்கத்தில் வந்து நின்று, "அடுத்த எலக்‌ஷன் வரும்மா" என்றார்.

"வரட்டும்ணா. அப்போ பேனர் போட்டா என் கலர்லயே போடுங்க. ஜனங்களுக்கு இப்போ இந்த மூஞ்சி தெரியும்."

அவர் திரும்பி உள்ளே போனார். ஒரு நிமிஷம் எனக்கே பாவமாக இருந்தது. அவர் கொடுத்த சாம்பார் சாதத்தை நானும் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டாவது அடியில் தளம் விரிந்ததும் அந்தப் பாவமும் போய்விட்டது.

பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மழைக்குக் கீற்று ஒழுகும் குளியலறை மேல் அதை விரித்து, ஓரத்துக்குச் செங்கல் வைக்கச் சொன்னாள் அத்தை. "அந்த வெள்ளக்காரி ஒரு வேலைக்காவது ஒதவட்டும்" என்றாள். படம் உள்பக்கம் பார்த்து இருக்கிறது. இன்றைக்கும் நான் குளிக்கும்போது மேலிருந்து கைகூப்பிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மூன்று நாள் அந்த ஜேசிபி வேலை செய்தது. நாலாம் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, எதிர்வீடு தெரியாத மழை. அத்தை ரேஷன் கார்டையும் மாத்திரைகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூட்டை கட்டிக்கொண்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. "குடி அத்த" என்று சொம்பை நீட்டினேன். தலையாட்டினாள். "கால்வா தொறந்தாச்சு அத்த, நான் சொல்றேன் இல்ல?" என்றேன். "நீ சொல்லுவ. தண்ணி கேக்கணுமே" என்றாள்.

பத்து மணிக்குத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. கவுன்சிலர், லெட்டர்பேட், முத்திரை எல்லாம் மறந்துவிட்டது. வழக்கமாக இதற்கு மேல் அரைமணி நேரம், அப்புறம் வாசற்படி, அப்புறம் கட்டில் கால். என் வீட்டுக்காரர் போர்வையை எடுத்து மடித்துவைத்தார், தூக்கிப் போவதற்கு. நான் மழையில் இறங்கி, பெரிய வீட்டை நோக்கி நடந்தேன். தெருவெல்லாம் கதவில் நின்று என்னையே பார்த்தார்கள்.

திறந்த கால்வாயில் தண்ணீர் செந்நிறமாக, விளிம்புக்கு ஒரு முழம் கீழே, 'ஹோ' என்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருத் தண்ணீரும் பக்கத்துச் சாக்கடை வழியாக அதற்குள்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. ஏறவில்லை. கரையில் தண்ணீர் மட்டத்தில் இருந்த ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கல் மூழ்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கல்லுக்குக் கீழேயும் கரை தெரிந்தது. அந்தக் கொட்டும் மழையிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நனைந்துபோய் வீட்டுக்குள் வந்தேன். தெருவில் தண்ணீர் வடிந்து சகதிதான் மிச்சம். அத்தை கட்டிலில் இருந்தபடியே தலையை நீட்டி வாசலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே மழை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, ரேஷன் கார்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"இன்னாமே பாத்துக்கினு நிக்கற? தொண்ட காயுது. தண்ணி குடு."

சொம்பு நிறையக் கொடுத்தேன். அண்ணாந்து, மூச்சு விடாமல், கழுத்தில் வழிய வழியக் குடித்தாள். முடித்ததும் சொம்பை மறுபடி என்னிடம் நீட்டினாள். இன்னும் ஒரு சொம்பு மொண்டு கொடுத்தேன்.